வினைமுற்றில் ஒளிந்திருக்கும் சாதி



ஒரு கதையை யார் சொல்கிறார், யாருடைய கண் வழியாக நாம் பார்க்கிறோம் என்பதையே நோக்குநிலை என்கிறோம். தொல்காப்பியம் கூறும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூவிடமே இதற்கும் அடிப்படை. 'நான்' என்று சொல்லும் கதை ஒருவரின் பார்வை, படர்க்கையில் சொல்லும் கதை நடுநிலை என்று பலரும் நினைக்கிறோம். தமிழில் அது அவ்வளவு எளிதல்ல.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்: 'பண்ணையார் மகன் வந்தார். கிழவன் எழுந்து நின்றான்.' இருபது வயது இளைஞனுக்கு 'ஆர்'. எழுபது வயது முதியவருக்கு 'ஆன்'. இங்கே கதைசொல்லிக்குப் பெயரில்லை, உருவமில்லை. ஆனாலும் அவர் தெருவின் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பதை வினைமுற்று சொல்லிவிடுகிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்வு கருதி வருவதே தவிர, இலக்கண நெறி அன்று என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் யாரை உயர்த்துவது என்பது எழுதுபவரின் தேர்வு.

எல்லாப் பாத்திரங்களையும் 'அவன்', 'அவள்' என்றே எழுதினால் சிக்கலில்லை. பண்ணையாரின் மனவோட்டத்தைக் காட்டவே அப்படி எழுதினால் அது உத்தி. எந்தக் காரணமுமின்றிக் கை தானாக எழுதினால், அது பழக்கமாகிப்போன சாதி.

தலித் எழுத்து இந்த இடத்தையே மாற்றியது. பாமாவின் 'கருக்கு' (1992) 'நான்' என்று பேச்சுமொழியிலேயே பேசியது. அவருடைய 'சங்கதி' (1994) பல பெண்களின் குரல்களைச் சேர்த்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) படர்க்கையில் அமைந்தாலும், தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் பக்கம் நிற்கிறது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் இருக்கும் ஏற்றத்தாழ்வு அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்நாவல் கடும் விவாதத்தை எழுப்பியதற்கு இந்த நோக்குநிலையும் ஒரு காரணம்.

தன்மைப் பன்மையிலும் கவனம் வேண்டும். 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். 'நாங்கள்' விலக்கி நிறுத்தும். 'நாம் எல்லோரும் தமிழர்' என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது, அந்த 'நாம்' சேரிக்குள் வருகிறதா என்று கேளுங்கள். 'எங்கள் தெரு', 'எங்கள் சுடுகாடு' என்று எழுதும்போது, அந்தப் பிரிவினையை உண்டாக்கியவர் எழுதுபவர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இது கதைக்கு மட்டுமான பாடமல்ல. 'இரு தரப்பினரிடையே மோதல்' என்ற செய்தியில் தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் சமமாகிவிடுகிறார்கள். 'வீடுகள் எரிக்கப்பட்டன' என்ற வாக்கியத்தில் எரித்தவர் இல்லை. உண்மை அறியும் குழுவில் சென்று அறிக்கை எழுதும் நம் தோழர்களும் அவசரத்தில் இப்படி எழுதிவிடுவதுண்டு. யார் எரித்தார்கள் என்று சாட்சி சொன்னதை, அவர் சொன்னதாகவே, எழுவாயோடு எழுதுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். படித்த ஒரு கதையில் ஒவ்வொருவருக்கும் வரும் வினைமுற்றுகளைப் பட்டியலிடுங்கள். பிறகு 'ஆர்', 'ஆன்' இரண்டையும் இடம் மாற்றிப் படியுங்கள். எங்கே உங்கள் காது உறுத்துகிறதோ, அங்கிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.