அவையஞ்சாமை

ஓர் ஊரில் கிராம சபை கூடியிருக்கிறது. குடிநீர்க் குழாயை எந்தத் தெருவில் முதலில் இடுவது என்பது பற்றிப் பேச்சு நடைபெறுகிறது. ஊரின் கடைசித் தெருவிலிருந்து வந்த ஒருவர் எழுகின்றார். கோடையில் தம் தெருப் பெண்கள் குடம் சுமந்து எவ்வளவு தொலைவு நடக்கின்றனர் என்பதை அவரைப் போல் அறிந்தவர் அவ்வவையில் வேறொருவர் இலர். ஆயினும், நூறு கண்கள் தம்மை நோக்கியதும் அவருக்கு நா வறள்கிறது, கால்கள் நடுங்குகின்றன. இரண்டு சொற்கள் சொல்லி, மூன்றாவது சொல் வராமல் அமர்ந்துவிடுகின்றார். தீர்மானம் நிறைவேறுகிறது. கடைசித் தெருவின் முறையும் கடைசிக்கே போகிறது. அவரிடம் உண்மை இருந்தது, அறிவும் இருந்தது, அவற்றை அவைமுன் எடுத்துரைக்கும் ஆற்றல் ஒன்றே இல்லை.

இக்குறையின் அளவை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவற்றோடு அமையாது, அவையஞ்சாமைக்கெனத் தனியே மற்றோர் அதிகாரமும் வகுத்தார். நூல் பல கற்றும் அவைக்கு அஞ்சுவோரின் கல்வி பிறர்க்குப் பயன்படுவதில்லை என்பது அவர் கருத்து.

பேச்சின் ஆற்றலுக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாலக்கோட்டை அடுத்த பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கின்றது. 1884ஆம் ஆண்டில் வத்தலக்குண்டில் பிறந்த அவர், 1908ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனாருடன் சேர்ந்து தூத்துக்குடியில் நாட்டு விடுதலை குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து கேட்டனர். அரசாங்கம் அச்சொற்பொழிவுகளையே குற்றமாகக் கொண்டு அவரைச் சிறையில் அடைத்தது. 1912ஆம் ஆண்டில் விடுதலை பெற்றபோது அவர் தொழுநோயால் உடல் நலிந்திருந்தார். எனினும் ஊர் ஊராகச் சென்று பேசுவதை அவர் நிறுத்தினாரில்லை. 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் அவர் உயிர் துறந்தார். படையும் பொருளும் இல்லாத ஒருவருடைய நாவுக்கு ஒரு பேரரசு அஞ்சிற்று என்றால், சொல்லின் வலிமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

“அவரெல்லாம் பிறவிப் பேச்சாளர், நம்மால் ஆகுமா?” என்று சிலர் ஐயுறலாம். அவர்கள் காந்தியடிகளின் இளமையை நினைத்துப் பார்த்தல் நலம். சட்டம் பயில இலண்டன் சென்றிருந்தபொழுது, அவர் அங்கிருந்த மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினராக இருந்தார். கூட்டந்தோறும் தவறாது செல்வார். வாய் திறவாது திரும்புவார். ஒருமுறை முக்கியமான செய்தி ஒன்று ஆராயப்பட்டபோது, தம் கருத்தை எழுதியே எடுத்துச் சென்றார். அதனைப் படிக்கவும் அவரால் இயலவில்லை. வேறொருவர் படிக்க நேர்ந்தது. இந்தியாவுக்குத் திரும்பிப் பம்பாயில் ஏற்ற முதல் வழக்கிலும், வினாத் தொடுக்க எழுந்தவர் தலை சுற்றி அமர்ந்துவிட்டார். வாங்கிய ஊதியத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

அத்தகையவர் 1893ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், இந்திய வணிகர் சிலர் கூடியிருந்த ஒரு வீட்டில் எழுந்து பேசினார். வாணிகத்தில் வாய்மை வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். தம் வாழ்வின் முதற் பொதுப் பேச்சு அதுவே என்று அவர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். அதன்பின் அக்கூட்டங்கள் ஏறத்தாழ ஒழுங்காக நடைபெற்று வந்தன. அவர் அச்சம் நீங்கியது எவ்வாறு? பேசியே தீர வேண்டிய ஒரு பொருள் கிடைத்தது. அறிந்தவர் கூடிய சிறிய அவை வாய்த்தது. மீண்டும் மீண்டும் பேசும் வாய்ப்பும் அமைந்தது. இம்மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து அளிப்பதே பேச்சு மன்றம்.

“அஞ்சாதே” என்று ஒருவனுக்கு ஆயிரம் முறை அறிவுரை கூறினும் அவையச்சம் நீங்காது. கரையில் நின்று நீச்சலைப் பற்றிக் கேட்பவன் நீந்தக் கற்பதில்லை. ஆழமில்லாத நீரில் இறங்கி, தக்கார் ஒருவர் அருகிருக்கக் கையும் காலும் அடித்துப் பழகுபவனே பின்னர் ஏரியைக் கடப்பான். பேச்சு மன்றம் அத்தகைய ஆழமில்லா நீர். அங்கே தவறினால் இழப்பு ஒன்றும் இல்லை. இன்று கேட்பவர் நாளை பேசுவோர் ஆதலின், எவரும் எவரையும் நகையாடுவதில்லை.

இக்கருத்தை ஒரு முறையாக வகுத்தவர்களுள் அமெரிக்கரான இரால்பு சுமெட்லி என்பவர் குறிப்பிடத்தக்கவர். இளைஞர் கிறித்தவ சங்கத்தில் பணியாற்றிய அவர், அங்கு வரும் இளைஞர்கள் நாலுபேர் நடுவில் பேச அறியாது இடர்ப்படுவதைக் கண்டார். 1924ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள் கலிபோர்னியாவில் உள்ள சாந்தா அனா என்னும் ஊரில், அச்சங்கக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு பேச்சு மன்றத்தைத் தொடங்கினார். அதுவே ‘டோஸ்ட்மாஸ்டர்ஸ்’ என்னும் பெயருடன் உலகின் பல நாடுகளிலும் கிளைத்துள்ளது. சென்னை, கோயம்புத்தூர் முதலிய நம் நகரங்களிலும் அதன் மன்றங்கள் உள்ளன.

அம்மன்றங்களின் நடைமுறை எளியது. ஒருவர் தலைமை தாங்குவார். சிலர் முன்னரே ஆயத்தம் செய்துகொண்டு ஐந்து முதல் ஏழு நிமிடம் பேசுவர். வேறு சிலர், அங்கேயே கொடுக்கப்படும் பொருள் பற்றி ஓரிரு நிமிடம் பேசுவர். காலங் காப்பவர் ஒருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களைக் காட்டி எல்லையை உணர்த்துவார். ‘வந்து’, ‘அதாவது’ என்பன போல வீணே வந்து விழும் சொற்களை எண்ணுவதற்கும் ஒருவர் உண்டு. இறுதியில், ஒவ்வொரு பேச்சையும் ஒருவர் மதிப்பிட்டு, நன்றாக அமைந்தது யாது, திருத்த வேண்டுவது யாது என்று கூறுவர். இப்பணிகள் கூட்டந்தோறும் கைமாறும். ஆகவே, ஒவ்வொருவரும் பேசவும் கற்கின்றனர். செவி கொடுத்துக் கேட்கவும் கற்கின்றனர்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு வகுப்பறை, ஒரு கடிகாரம், பத்து மாணவர் ஆகியவை இருந்தால் நம் பள்ளி இலக்கிய மன்றத்திலேயே வாரம் ஒருமுறை இதனை நடத்தலாம்.

எதைப் பேசுவது? நன்கு அறிந்ததைப் பேசுதல் வேண்டும். பாலக்கோட்டு மாணவன் ஒருவன் உழவர் துன்பத்தைப் பற்றிப் பேச எழுகின்றான் என்று கொள்வோம். “உழவர் நிலை மிகவும் இரங்கத்தக்கது, அவர் கண்ணீரைத் துடைக்க வேண்டும்” என்று அவன் ஐந்து நிமிடம் முழங்கினால், கேட்போர் நெஞ்சில் ஒன்றும் தங்காது. அவனே ஒரு பெட்டித் தக்காளியின் வரலாற்றைச் சொல்லட்டும். விடியுமுன் அதனைப் பறித்தவருக்குக் கொடுத்த கூலி இவ்வளவு, சந்தைக்கு ஏற்றிவந்த வண்டிக் கூலி இவ்வளவு, தரகு இவ்வளவு, விலை வீழ்ந்த நாளில் கைக்கு வந்தது இவ்வளவு என்று அடுக்கிக் காட்டட்டும். குரலை உயர்த்தாமலே அவையை அவன் தன்பால் ஈர்த்துவிடுவான்.

ஆயத்தம் செய்யும் முறையும் ஒன்று உண்டு. பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்தல் ஆகாது. ஒரு சொல் மறந்தால் எல்லாம் மறந்துபோம். தொடக்கத்தையும் முடிவையும் உறுதி செய்துகொண்டு, இடையில் சொல்ல வேண்டிய கருத்துக்கள் மூன்றினை ஒரு சிறு தாளில் குறித்துக்கொள்ளுதல் போதும். கடைசி வரிசையில் இருப்பவரை நோக்கிப் பேசினால் குரல் தானே எல்லார்க்கும் எட்டும். முதலில் சற்றே நெஞ்சு துடிக்கும். அது குறித்துக் கவலற்க. பழகிய பேச்சாளர்க்கும் அத்துடிப்பு உண்டு. அவர் அதனோடு பேசக் கற்றவர், அவ்வளவே.

மன்றம் கற்பிக்கும் மற்றொரு பண்பு அடக்கம். காலம் முடிந்ததும் நிறுத்தவும், மாற்றுக் கருத்தைச் சினமின்றிக் கேட்கவும், குறை கூறுவோரிடம் நன்றி பாராட்டவும் அங்கே பழகுகின்றோம். பேசத் தெரிந்தும் கேட்கத் தெரியாதவன் அவைக்குப் பெருந்தொல்லையே ஆவான்.

மாணவர்களே! தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபைகள் கூட்டப்படுகின்றன. பதினெட்டு வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் பெற்ற எவரும் அங்கே எழுந்து பேசலாம். அவ்வுரிமை உங்களுக்கும் சில ஆண்டுகளில் வரும். அன்று கடைசித் தெருவுக்காக ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அவர் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்துவிட்டு அமர்வாராயின், அதற்கான பயிற்சி உங்கள் வகுப்பறையில், பத்துப் பேர்முன், இந்த வாரமே தொடங்கியிருத்தல் வேண்டும்.