மென்பொருட் சோதனையில் அகமும் புறமும்

நூலொன்றை ஆக்கியோன் தானே அதனைக் குற்றமற்றதெனத் துணிந்து உலகிற்கு வழங்குதல் நம் முன்னோர்க்கு உடன்பாடன்று. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பெற்று ஆராயப்பட்டது எனப் பனம்பாரனார் செய்த பாயிரம் கூறுகின்றது. இக்காலத்துப் பல்கலைக்கழகங்களும் கற்பித்த ஆசிரியரோடு அமையாது, புறப் பரீட்சகர் ஒருவரையும் துணைக்கொள்ளுதலை மாணவர் அறிவர். ஆக்கியோன் கண்ணும் அயலான் கண்ணும் ஒரே குற்றத்தைக் காண்பனவல்ல என்பதே இவ்விரு வழக்கிற்கும் அடிப்படையாகும். வங்கிக் கணக்கு முதலாக வைத்தியசாலைப் பதிவு ஈறாக இன்று நம் வாழ்வை நடத்தும் கணினி மென்பொருளுக்கும் இவ்வுண்மை பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மென்பொருளிற் காணப்படும் பிழையை 'வழு' என்கின்றோம். அதனைத் தேடிக் காண்போர் இருதிறத்தினர். நிறுவனத்தில் மாதச் சம்பளம் பெற்று, அம்மென்பொருள் தோன்றிய நாள்முதல் அதனோடு பழகுவோர் ஒருசாரார். இவரை அகச் சோதனையாளர் என்க. ஒப்பந்த வேலையாகத் தம் வீட்டிலிருந்து, தம் கருவியிலேயே சோதித்து, செய்த வேலைக்கு மட்டும் கூலி பெறுவோர் மற்றொரு சாரார். இவர் புறச் சோதனையாளர். இவ்விருவருள் யார் சிறந்தவர் என வினாவுதல் பெரும்பான்மை வழக்கு. அவ்வினாவே பொருத்தமற்றது என்பது எம் கருத்து. இருவரையும் எவ்வாறு இணைப்பது என்பதே வினாவத் தக்கது.

அகத்தார் மட்டும் நோக்கின் நேரும் கேட்டுக்கு ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய ஏவுகலம் சான்றாகும். 1996 யூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து முதன்முறை எழுந்த அக்கலம், 40 செக்கன்கள் கழியுமுன் வழிதவறிச் சிதறிற்று. அதன் திசையறி கருவிக்குரிய மென்பொருள், பழைய ஏரியான் 4 கலத்திலிருந்து எடுத்தாளப்பட்டதாகும். 32,767இன் மேற்பட்ட எண்ணைக் கொள்ளவியலாத இடத்தில், புதிய கலத்தின் மிகுவேகம் அதனினும் பெரிய எண்ணைத் தந்தது. புதிய கலத்தின் பறப்புப் பாதையைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்படவில்லை என்பதைப் பின்னர் அமைந்த விசாரணைக் குழு எடுத்துக்காட்டிற்று. முன்னர்ப் பிழையாதது இனியும் பிழையாது என்னும் பழகிய நம்பிக்கையே அங்கே கண்ணை மறைத்தது. மென்பொருளை எழுதியவரே அதனைச் சோதித்தல் தகாது எனக் கிளன்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தியமையும் இதுபற்றியே.

இனி, புறத்தார் பலராயின் போதுமோ எனின், அதுவும் போதாது. இணையத் தொடர்பை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருள் யாவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டதாகும். எனினும் 2012இல் அதன் ஒரு பதிப்போடு வெளிவந்த 'ஹார்ட்பிளீட்' என்னும் பெருவழு, 2014 ஏப்பிரல் வரை உலகறியாது கிடந்தது. பார்க்கக்கூடியவர் எண்ணிறந்தோர், பார்த்தே தீரவேண்டிய பொறுப்புடையாரோ மிகச் சிலர். ஊர்ப் பொதுக் கிணற்றை யார் இறைப்பது என்னும் நிலை அங்கே உண்டாயிற்று.

ஆகவே இருவரும் வேண்டும். இருவரையும் சேர்த்தலால் வரும் பயன் வழுக்களின் தொகை பெருகுதல் மட்டுமன்று. இன்னும் காணப்படாத வழுக்கள் எத்துணை என மதிப்பிடும் வழியும் அதனாற் பிறக்கின்றது. குளத்து மீனை எண்ணுவோர் கையாளும் முறையே இது. முதலிற் சில மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விடுவர். மீண்டும் வலைவீசி, அகப்பட்டவற்றுள் அடையாளமுள்ளவை எத்தனை எனக் காண்பர். அவ்விகிதத்தினின்று குளத்து மீன் முழுவதையும் கணிப்பர்.

இதனை மென்பொருளுக்குப் பொருத்துவாம். அகத்தார் 40 வழுக்களையும் புறத்தார் 30 வழுக்களையும் தனித்தனியே கண்டனர் எனவும், அவற்றுள் இருவரும் கண்டவை 24 எனவும் கொள்க. 40ஐ 30ஆற் பெருக்கி 24ஆல் வகுக்க 50 வரும். இதுவே மொத்த வழுக்களின் மதிப்பீடு. கண்டவை 46 ஆதலின் எஞ்சியவை ஏறத்தாழ 4. இருவரும் கண்டவை 10 மட்டுமே எனின், மொத்தம் 120 ஆகும், கண்டவை 60, எஞ்சியவையும் 60. உழைப்பு ஒன்றே, முடிவோ முற்றும் வேறு. முதலாவதை வெளியிடலாம், இரண்டாவதை வெளியிடுதல் அடாது. ஆயின் ஒருவர் பட்டியலை மற்றவர் பாராதிருந்தாலன்றி இக்கணக்குச் செல்லாது. எளிதிற் புலப்படும் வழுக்களையே இருவரும் காண்பராயின் மதிப்பீடு குறைந்து வரும் என்பதையும் மறத்தலாகாது.

இனி, வேலையைப் பகிருமாறு யாதெனிற் கூறுவாம். மென்பொருளின் அடிப்படைச் செயல்கள், திருத்தந்தோறும் பழையவை கெடாமை காணும் மறுசோதனை, மக்களின் அந்தரங்கத் தகவலைத் தொடும் பகுதிகள் என்பன அகத்தார்க்குரியன. பலவகைக் கைத்தொலைபேசிகள், தளர்ந்த இணைப்பு, புதியோர்க்கு விளங்காத இடங்கள், பலமொழிப் பயன்பாடு என்பன புறத்தார்க்குரியன. புறத்தார்க்கு உண்மையான வாடிக்கையாளர் தரவைக் கொடாது மாதிரித் தரவையே கொடுத்தல் வேண்டும். அவர் தரும் முறைப்பாட்டில் என்ன செய்தார், எதனை எதிர்பார்த்தார், எது நிகழ்ந்தது, எக்கருவியில் நிகழ்ந்தது என்னும் நான்கும் இருத்தல் வேண்டும். அவற்றை ஆராய்ந்து விடைகூற அகத்தாருள் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். இலக்கண நூலார் வழுவையும் வழுவமைதியையும் வேறுபிரித்தாற்போல, உடனே திருத்தத்தக்கது எது, இப்போதைக்கு அமைத்துக்கொள்ளத்தக்கது எது எனத் துணிவது அவர் கடன்.

அகமும் புறமும் கூடியதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரை உட்பட இலங்கையின் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு 'சஹன' என்னும் மென்பொருள் சில வாரங்களில் உருவாக்கப்பட்டது. லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசன் முன்னிற்க, நிறுவன ஊழியரும் தன்னார்வலரும் அதில் உழைத்தனர். பின்னர் அயல்நாட்டாரும் கைகொடுக்க, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதை அதற்கு அளித்தது.

இத்தகைய பதிவுகளில் நம் பெயரும் மொழியும் வந்து சேரும்போது, இப்பிரதேசத்தார் கண் இன்றியமையாததாகின்றது. தந்தை பெயரை முன்வைத்துத் தம் பெயரைப் பின்வைக்கும் நம் வழக்கிற் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. படிவமோ அதனைக் கட்டாயம் கேட்கும். 'கொடிகாமம்' என்பதன் முதலெழுத்தில் வரும் கொம்பையும் அரவையும் யூனிகோட் முறையில் ஒரு குறியீடாகவும் எழுதலாம், இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒருமைப்படுத்தாத மென்பொருளுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். தேடுவோன் 'இல்லை' என்னும் விடைபெற்று மீள்வான். 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆதலின் அரச படிவமொன்று தமிழிற் பிழைபடுதல் வெறும் அசௌகரியமன்று, உரிமை இழப்பாகும். இதனைத் தலைநகரத்து அலுவலகத்திலிருந்து காண்டல் அரிது. சாவகச்சேரியிலிருந்து காண்டல் எளிது.

இவ்விடத்திற் கூலி பற்றிய ஒரு நியாயத்தையும் கூறாதிருத்தல் இயலாது. அகத்து ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கென அவர் வேதனத்தில் நூற்றுக்கு 8 வீதமும், நிறுவனத்தார் கையிலிருந்து 12 வீதமும் சேர்கின்றன. தனித்தொழில் செய்யும் புறச் சோதனையாளனுக்கு அப்பாதுகாப்பு இல்லை. அதன்மேலும், கண்ட வழுவுக்கு மட்டுமே கூலி என்னும் முறையில், இரவெல்லாம் விழித்துச் சோதித்த இளைஞன் 'இது முன்னரே அகத்தார் கண்டது' என்னும் ஒருவரி விடையோடு வெறுங்கையனாகின்றான். ஆனால் மேலே காட்டிய கணக்கை நினைந்து பார்க்க. இருவரும் கண்ட அந்த 24 அன்றோ எஞ்சியவற்றை அளக்கும் கோலாயிற்று? அவ்வெண்ணைக்கொண்டு நிறுவனம் வெளியிடத் துணிகின்றது. அவ்வெண்ணைத் தந்தவனுக்கோ கூலி மறுக்கப்படுகின்றது. மேலும், ஒரு பகுதியை முறையே சோதித்து வழு காணாமையும் ஓர் அறிவேயாகும். ஆகவே செலவிட்ட நேரத்திற்கு ஓர் அடிப்படைக் கூலியும், கண்ட வழுவின் கடுமைக்கேற்ற மேற்கூலியும் வழங்குதலே நேர்மை. வழுவொன்றுக்கு இவ்வளவு எனின் அற்ப வழுக்களே குவியும் என்பதனால், இஃது நிறுவனத்துக்கும் இலாபமாம்.

சோதனை வழுவின் உண்மையைக் காட்டுமேயன்றி, வழுவின் இன்மையை நிறுவாது என்பது டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் கருத்து. அவ்வாறாயின் நாம் அடையக்கூடியது முழுநிறைவன்று; நம் அறியாமையின் அளவை ஒருவாறு அறிதலே. அதற்கு அகத்தார் பொறுப்பும் வேண்டும், புறத்தார் புதுமைக் கண்ணும் வேண்டும். நம் மாணவர் இவ்விரண்டில் எதனை மேற்கொள்வாராயினும், தம் பட்டியலிற் பிறர் கண்டது இருப்பின் அதற்காக நாணாதொழிக. பிறர் பட்டியலில் தாம் கண்டது இருப்பின் அதனை இகழாதொழிக. இருவர் கண்டதே உறுதிப்பாட்டின் தொடக்கமாகும்.