துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் படம்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலை ஒரே படத்தில் அடக்குவது கஷ்டம். பின்னுக்குப் போக இடமில்லை. அதற்காக விலை கூடிய லென்ஸ் தேவையில்லை. கீழும் மேலுமாக இரண்டு வரிசை எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் மூன்றிலொரு பங்கு மீண்டும் விழ வேண்டும். வெளிச்ச அளவை இடையில் மாற்றினால் ஒட்டிய இடம் தெரியும். லென்சை மையமாக வைத்துத் திருப்பாவிட்டால் கிட்டவுள்ள கம்பங்கள் முறிந்து தெரியும். ஒட்டும் வேலையை ஹியூகின் என்ற இலவச மென்பொருள் செய்துவிடும். நடுவே நாட்டாமி வண்டி தள்ளிக்கொண்டு போனால் அரை மனிதன்தான் மிஞ்சுவான்!

நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் இம்முறையில் சின்னக் கடையும் மண்டபம் போலத் தெரியும். வாடகைக்கு விடுபவர் இத்தகைய படத்தைக் காட்டினால் நீள அகலத்தையும் அடியில் எழுத வேண்டும். எடுப்பவர், நேரில் அளந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.