சூடின்றிச் சுருளும் கூந்தல்

மாலையில் பள்ளிக்கூட மணி அடித்ததும் எங்கள் தர்மபுரிப் பக்கத்துப் பெண்கள் செய்கிற முதல் காரியம் ரிப்பனை அவிழ்ப்பதுதான். காலையில் எண்ணெய் தடவி, நடுவகிடு எடுத்து, இரண்டாகப் பின்னி, மடித்துக் கட்டிய சடை அது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது ஒருத்திக்கொருத்தி அவிழ்த்துவிட்டுக்கொள்வார்கள். அப்போது பார்க்க வேண்டும்! காலையில் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்த மயிர், தோளிலிருந்து இடுப்பு வரையில் அலையலையாக இறங்கும். நம் பழைய புலவர்கள் இந்த அழகைக் கண்டுதான் கூந்தலை 'அறல்' என்னும் கருமணலுக்கு ஒப்பிட்டார்கள் போலும். ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு மணலில் வரிவரியாகத் தங்கும் கோலத்துக்கு அறல் என்று பெயர். கோடைக் காலத்தில் தென்பெண்ணைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று இன்னொரு பெயரும் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்த பெயர். உரைகாரர்கள் எண்ணிச் சொல்லும் வகைகளில் 'சுருள்' என்பதும் ஒன்று. ஆகையால் சுருட்டைமயிரில் ஆசை வைப்பது இந்தக் காலத்துப் பெண்களின் புதுப் பைத்தியம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

ஆசையில் குற்றமில்லை, அதை நிறைவேற்றிக்கொள்ளும் வழியில்தான் குற்றம் நேருகிறது. சில வருஷங்களுக்கு முன் என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு பெண், ஆண்டு விழாவுக்கு முந்தின தினம் மயிரைச் சுருட்டும் மின்சார இடுக்கி ஒன்றை மலிவு விலைக்கு வாங்கி வந்தாள். அதில் உஷ்ணத்தைக் காட்டும் எண்ணும் இல்லை, குறைக்கும் திருகும் இல்லை. விடியற்காலையில் தலைக்குக் குளித்த ஈரத்தோடு இடுக்கியை வைத்திருக்கிறாள். 'சுர்' என்று சப்தம் கேட்டிருக்கிறது. அதுதான் சுருள் விழும் சப்தம் என்று எண்ணிக்கொண்டாள், பாவம். இடுக்கியை எடுத்தபோது ஒரு பிடி மயிர் காதுக்குக் கீழே ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

விழாவுக்கு அவள் வரவில்லை. அடுத்த மூன்று நாட்களும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி சொல்லாமல் மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால், ஆசிரியைகளின் மனம் எங்கெங்கோ போகும். தாய் தகப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்க, பாட்டியோடு இருக்கும் பெண்ணென்றால் கேட்கவே வேண்டாம். வீடு தேடிப் போனேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "டீச்சர், எல்லாரும் சிரிப்பாங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. நல்ல வேளையாக மறுநாள் வந்தாள். ஒற்றைச் சடையாகப் போட்டு, ஒடிந்த பக்கத்தைப் பூ வைத்து மறைத்திருந்தாள். மயிர் மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம்தான் வளரும். காதோடு ஒடிந்தது இடுப்புக்கு வந்து சேர மூன்று வருஷத்துக்குக் குறையாது.

அந்தப் பெண்ணின் காரியத்தில் நேர்ந்தது என்ன? மயிரிழை 'கெரட்டின்' என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சரங்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் பிணைப்புகளில் முக்கியமானவை இரண்டு. கந்தகத்தால் ஆன பிணைப்பு, மரத்தில் ஆணி அடித்தாற்போன்றது, சாமானியத்தில் விடாது. ஹைட்ரஜன் பிணைப்போ பசை வைத்து ஒட்டினாற்போன்றது. நீர் பட்டால் விட்டுவிடும், உலர்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். கஞ்சி போட்ட வேஷ்டி, காயும்போது எப்படி மடிந்திருந்ததோ அந்த மடிப்பை விடாதிருப்பதைப் பார்த்திருக்கிறோமல்லவா? மயிரும் அப்படித்தான். நனைந்த மயிர் எந்த வடிவத்தில் உலர்கிறதோ அந்த வடிவத்தை ஏற்றுக்கொள்கிறது. சடை அவிழ்த்த பள்ளிப் பெண்ணின் தலையில் அலை விழுகிற ரகசியம் இவ்வளவே.

நன்றாக நனைந்த மயிர் தன் எடையில் சுமார் 30 சதவிகிதம் நீரைக் குடித்திருக்கும். அதன்மேல் கொதிக்கும் இரும்பை வைத்தால், உள்ளே இருக்கும் நீர் ஒரே கணத்தில் ஆவியாகி, வெளியேற வழியின்றி இழைக்குள்ளேயே குமிழ் குமிழாக வெடிக்கிறது. அந்தக் குமிழ் உள்ள இடத்தில் மயிர் ஒடிகிறது. அவள் கேட்ட சப்தம் அதுதான்.

மேனாட்டார் இந்த வித்தையைப் படித்தது பல தலைகளைப் பாழாக்கித்தான். பாரிஸ் நகரத்து மார்செல் கிராடோ என்பவர் 1872-ஆம் வருஷ வாக்கில் நெருப்பில் காய்ச்சிய இடுக்கியால் அலை போடும் முறையைக் கண்டார். அந்நாளைய சிகை அலங்காரக்காரர்கள் இடுக்கியை முதலில் ஒரு காகிதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பேறினால் ஆறவிடுவார்கள். இந்த எளிய புத்தி இன்றைய மின்சார இடுக்கிக்காரர்கள் பலருக்கு இல்லை. பின்னர் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் லண்டனில் ஒரு யந்திரம் அமைத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஊரார் பார்க்கக் காட்டினார். ஒவ்வொன்றும் சுமார் ஒரு கிலோ எடையுள்ள பித்தளை உருளைகள் ஒரு டஜன். காரம் பூசிய மயிரை அவற்றில் சுற்றிச் சூடேற்றி, ஆறு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்! பரீட்சைக்கு உட்பட்டவர் அவருடைய மனைவியார். முதல் இரண்டு முறையும் அந்த அம்மாளுக்கு மயிர் கருகி, தலைத்தோலும் கொப்பளித்ததாம். நெஸ்லருடைய விடாமுயற்சியைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த அம்மாளுடைய பொறுமையைத்தான் புகழத் தோன்றுகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1906-இல், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்து, 1925-இல் உயிர் நீத்தது எங்கள் ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில். பெட்டியில் கிடக்கும் பழந்துணியைக் கொண்டு ஆகிற காரியத்துக்கு அயல்நாட்டு யந்திரம் எதற்கு என்று கேட்க, அந்த மண்ணுக்கு உரிமை உண்டென்றே நினைக்கிறேன்.

பழந்துணிக்கு வருமுன், தலை முழுக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆழ்குழாய்க் கிணறுகளில் பல உப்பு நீர். அதில் சோப்புத் தேய்த்தால் நுரை வராது. வெள்ளையாக ஒரு படிவு மயிரில் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக்கும். சொரசொரத்த மயிரில் சுருள் விழுந்தாலும் வழவழப்பு இராது, பரட்டைதான். நம் பக்கத்து அரப்புத் தூளில் இந்தத் தொல்லை இல்லை, ஷாம்பூவிலும் இல்லை. கடைசியாக ஊற்றும் ஒரு குடம் மட்டுமாவது மழைநீராகவோ காவிரி நீராகவோ இருந்தால் நலம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியபின் காவிரி பல ஊர்களுக்குக் குழாயில் வருகிறது. ஆனால் அது நிலத்தடி நீரின் ஃபுளோரைடு நஞ்சிலிருந்து பல்லையும் எலும்பையும் காப்பதற்காக வந்த நீர். தலைக்கென்று தாராளமாகச் செலவழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்று நீரே கதி என்றால், ஒரு செம்பு நீரில் சின்னக் கரண்டியளவு எலுமிச்சைச் சாற்றைக் கலந்து கடைசியில் அலசலாம்.

முழுக்குக்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தடவுவது வெறும் வழக்கமன்று. நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களான ரேலே, மோஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். மயிரிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் ஒன்றே குறைத்தது. அதன் மூலக்கூறு நீண்டு மெலிந்ததாகையால் இழைக்குள்ளே புகுகிறது. மற்றவை மேலேயே நின்றுவிடுகின்றன. நம் பாட்டிமார்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. காரியம் தெரியும்.

இனி முறையைச் சொல்கிறேன். முழுகியபின் துண்டால் பரபரவென்று தேய்க்கக் கூடாது; பழைய மெல்லிய வேஷ்டியில் சுற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நனைந்த மயிர் இழுத்தால் நீளும். அளவு கடந்தால் அறும். பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிடுக்கெடுக்க வேண்டும். முக்கால் பங்கு உலர்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதம் வரும்வரை காத்திருங்கள். இந்தப் பதம்தான் முக்கியம். சொட்டச் சொட்டச் சுற்றினால் விடிந்தாலும் உலராது. முழுதும் உலர்ந்தபின் சுற்றினால் சுருள் பிடிக்காது.

பழைய பட்டுப்புடவையிலோ மெல்லிய தாவணியிலோ இரண்டு முழ நீளத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பெருவிரல் பருமனுக்கு முறுக்கிக் கயிறாக்கிக்கொள்ளுங்கள். சும்மாடு சுற்றுவதுபோல் வளைக்காமல், உச்சந்தலையில் குறுக்கே வைத்து இரு பக்கமும் தொங்கவிட வேண்டும். மயிரை நடுவில் வகிர்ந்து, ஒவ்வொரு பக்கத்தையும் முகத்துக்கு எதிர்ப்புறமாக அந்தத் துணிக்கயிற்றில் சுற்றிக்கொண்டே வாருங்கள். பின்னாலிருக்கும் மயிரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டு நுனிவரை சுற்றி, நூலால் தளரக் கட்டிவிட வேண்டும். கயிறு பருத்திருந்தால் அலை பெரிதாகவும் தளர்ச்சியாகவும் விழும். மெலிந்திருந்தால் சுருள் நெருங்கும். நம்மில் பலருக்குத் தளர்ந்த அலைதான் அழகு என்பது என் அபிப்பிராயம். பட்டுத் துணி உராயாது. பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சிச் சீக்கிரம் உலர்த்தும். எது கையில் இருக்கிறதோ அது போதும். மயிர் மிக அடர்ந்தவர்கள் நான்கு தளர்ந்த சடைகளாகப் பின்னிக்கொண்டாலும் ஆகும்.

சுருள் நெடுநேரம் நிற்க வேண்டுமானால், செம்பருத்தி இலையை நீரில் கசக்கி எடுத்த கொழகொழப்பை வடிகட்டி, சுற்றுவதற்கு முன் லேசாகத் தடவலாம். அதிகம் தடவினால் உலர்ந்தபின் தவிடுபோல் உதிரும்.

பிறகு தூங்கிவிட வேண்டியதுதான். முழுதும் உலராமல் அவிழ்க்கக் கூடாது. இதை நான் அனுபவித்தே அறிந்தேன். மாணவிகளுக்குச் சொல்லுமுன் என் தலையிலேயே ஒருநாள் சோதித்தேன். ஐப்பசி மாதத்து மழைக்காற்று. காலையில் அவசரமாக அவிழ்த்தபோது அழகாகத்தான் இருந்தது. முதல் பாடவேளை முடிவதற்குள் அலை எல்லாம் வடிந்து, வழக்கமான கோலத்துக்கு வந்துவிட்டது. உள் மடிப்பில் ஈரம் இருந்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் எங்கள் வறண்ட காற்றுக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். மழை நாளில் இரவு முழுவதும் வேண்டும். அவிழ்க்கும்போது சுற்றியதற்கு எதிர்த்திசையில் பிரித்து, விரல்களில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கோதிவிட்டால் போதும். சீப்பை அன்று மறந்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நாலு முழம் மல்லிகையை நுனியில் தொங்கவிட்டால், அந்தப் பாரமே அலையை நிமிர்த்திவிடும். பூவை உச்சியோடு வைத்துக்கொள்வது உத்தமம்.

எவ்வளவு மென்மையான முறையானாலும் நெற்றியோரத்தில் இழுத்துக் கட்டக் கூடாது. நாள்தோறும் இழுபட்டால் அங்கே மயிர்க்கால் செத்து, வகிடும் நெற்றியும் அகன்றுகொண்டே போகும். பள்ளியில் இரட்டைச்சடை இறுக்கமாக இருக்க வேண்டுமென்று நாங்களே அதட்டுகிறோம். அந்த அதட்டலை நான் இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

இடுக்கிதான் வேண்டும் என்பவர்களோடு சண்டை போடுவதில் பயனில்லை. முற்றும் உலர்ந்த மயிரில், உஷ்ணத்தின் அளவைக் குறிக்கும் கருவியாகப் பார்த்து, 150 டிகிரியை ஒட்டி, ஓர் இடத்தில் ஒரே தடவை, சில விநாடிகள் மட்டும் வைக்கட்டும். 200 டிகிரியைத் தாண்டினால் புரதமே சிதையத் தொடங்கும். மாதக்கணக்கில் நிற்கும்படி ரஸாயனத்தால் சுருட்டுவது வேறு சமாசாரம். அது முன்சொன்ன கந்தக ஆணிகளைப் பிடுங்கி வேறிடத்தில் அடிப்பது. வீட்டில் செய்யத் தக்கதன்று.

அந்தப் பெண் இப்போது நர்ஸிங் படிக்கிறாள். போன பொங்கலுக்கு ஊர் வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். கூந்தல் இடுப்பைத் தொட்டிருந்தது, அலையும் இருந்தது. "பாட்டியோட பழைய புடவை, டீச்சர்" என்றாள். விடுதியில் அவளுடைய அறையில் இருக்கும் மூன்று பெண்களுக்கும் அந்தப் புடவையிலிருந்தே ஆளுக்கொரு துண்டு கிழித்துக் கொடுத்திருக்கிறாளாம்.