அருவிக்குப் போகுமுன் திரும்பும் நேரத்தைக் குறியுங்கள்

பெருநாள் பலகாரத் தட்டு மேசையை விட்டு எடுபட்டிருக்காது. அதற்குள் பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள்: "உம்மா, நாளைக்கு எங்க போற?"

ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் மாடி வீடுகளில் வாழும் நமக்குக் காலிமுகத்திடலும் கடற்கரையும் பார்த்துப் பழகியவை. பிள்ளைகள் மலை, காடு, அருவி என்று கேட்பதில் தவறில்லை. தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் சகோதரிகளே, அந்த நாளைத் திட்டமிடுவது யார்? வாப்பா வேன் பிடிப்பார். மாமா பாதை சொல்வார். நமக்கு வருவது சமையல் சட்டி மட்டும்தான். இந்த முறை சட்டியோடு கடிகாரத்தையும் நீங்களே கையில் எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பமாக ஒரு காட்டு ஓடைக்குப் போயிருந்தோம். பகல் சாப்பாடு முடிந்திருந்தது. தலைக்கு மேல் நல்ல வெயில். பிள்ளைகள் முழங்கால் அளவு தண்ணீரில் விளையாடினார்கள். மதினி ஓரமாகக் குந்தியிருந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வழிகாட்டியாக வந்த ஊர்ப் பெரியவர் திடீரென எழுந்து, எல்லாரையும் கரைக்கு ஏறும்படி சத்தம் போட்டார். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்கள். மதினியால் எழ முடியவில்லை. நனைந்த அபாயா பாரமாகிக் காலைச் சுற்றிக்கொண்டது. இரண்டு பேர் கைபிடித்துத் தூக்கினோம். பத்து நிமிடம் சென்றிருக்காது, மதினி இருந்த கல்லே தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

எங்கள் மேல் ஒரு துளி மழையும் விழவில்லை. மலை உச்சியில் எங்கோ பெய்த மழை ஓடை வழியாக எங்களைத் தேடி வந்திருந்தது. தெளிந்த நீர் கலங்கியதையும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்ததையும் அந்தப் பெரியவர் கண்டார். நாங்களும் கண்டோம், அதன் பொருள்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கே போவது?

நாட்டின் மிக உயரமான அருவி பம்பரகந்த, 263 மீற்றர். தியலும 220 மீற்றர். படத்தில் பார்த்தால் ஆசை வரும். ஆனால் இரண்டும் பதுளை மாவட்டத்தில் உள்ளன. கொழும்பிலிருந்து போய்ச் சேரவே அரை நாள் கழிந்துவிடும். அன்றே திரும்ப நினைப்பவர்கள் இருட்டில் மலைப்பாதை இறங்க வேண்டி வரும். அவற்றை இரவு தங்கும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளுக்குப் பொருத்தமானது கித்துல்கல. கிருலப்பனையில் ஹைலெவல் வீதியைப் பிடித்து, மஹரகம, ஹோமாகம, அவிசாவளை, யட்டியாந்தோட்டை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அதிகாலையில் புறப்பட்டால் மூன்று மணி நேரத்துக்குள் சேரலாம். களனி கங்கைக்கு அக்கரையில் மாகந்தாவ வனம் இருக்கிறது. உள்ளே ஓடைகளும் சிற்றருவிகளும் உண்டு. அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள காடு. அனுமதியையும் வழிகாட்டியையும் முதலே விசாரித்து ஏற்பாடு செய்யுங்கள். ஊர் மனிதர் துணையின்றி உள்ளே போகவேண்டாம்.

எப்போது போவது?

நம் பெருநாட்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னால் நகர்கின்றன. மழைக்காலமோ நகர்வதில்லை. 2023 முதல் நோன்புப் பெருநாள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வந்திருக்கிறது. அது பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் தெளிந்திருக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் அண்மை ஆண்டுகளில் மே, ஜூன் மாதங்களை ஒட்டி வருகிறது. அது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். அப்போது இந்தப் பக்கத்து அருவிகள் வேண்டவே வேண்டாம். ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் ஓரளவு உகந்தவை.

கித்துல்கல கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்தது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மண்சரிவு கிராமங்களையே மூடியது இதே மாவட்டத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகவே முதல் நாள் இரவு வானிலை அறிக்கையையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால், வேனுக்கு முற்பணம் கொடுத்திருந்தாலும் பயணத்தை நிறுத்துங்கள். முற்பணத்தை விட உயிர் பெரிது.

உடையும் உணவும்

அபாயாவின் விளிம்பு வழுக்குப் பாறையில் ஆபத்து. தொளதொளப்பான காற்சட்டை, முழங்கால் வரை நீண்ட மேற்சட்டை, ஊசி குத்திய சிறிய முக்காடு ஆகியவை நடக்க வசதி, ஒழுக்கமான உடையும்கூட. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, பிடிமானமுள்ள சப்பாத்து அணியுங்கள். காற்சட்டையை மேஸுக்குள் செருகினால் அட்டை ஏறுவது குறையும். மேஸின் மேல் சவர்க்காரம் பூசிக்கொள்ளலாம். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் மெதுவாக நகர்த்திக் கழற்றுங்கள். சிறிது நேரம் இரத்தம் கசியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

புரியாணிச் சட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரவு முழுதும் அடுப்படியில் நின்றவளுக்குக் காலையில் நடக்கக் கால் வராது. தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், அவித்த முட்டை, பேரீச்சம்பழம், வாழைப்பழம் போதும். ரொட்டியை வாழையிலையில் சுற்றினால் தட்டுக் கழுவும் வேலையும் இல்லை. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

தொழுகைக்காகத் தடுமாற வேண்டாம். பயணத் தொழுகையைச் சேர்த்தும் சுருக்கியும் தொழும் சலுகை பற்றி உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் முன்கூட்டியே விளங்கிக்கொள்ளுங்கள். வழியில் பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிவாசல் எது என்றும் கேட்டு வையுங்கள்.

தண்ணீர் அருகில்

நம் பெண்பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. அருவி நேரே விழும் குழி ஆழமானது, சுழல் உண்டு. மேலிருந்து கல்லும் கட்டையும் விழலாம். அங்கே இறங்க வேண்டாம். பார்த்து மகிழ்ந்தால் போதும். களனி கங்கையிலும் கவனம் தேவை. மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால், மழையில்லாத நாளிலும் ஆற்று மட்டம் உயரலாம். பிள்ளைகள் கால் நனைக்கும்போது பெரியவர் ஒருவர் வேறு வேலை பாராமல் தண்ணீரையே பார்த்திருக்கட்டும். நீர் கலங்கினாலோ, சருகு மிதந்தாலோ, இரைச்சல் கூடினாலோ சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலிருப்பவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

ஒரு தாளை எடுங்கள். முதல் வரியில் திரும்பும் நேரத்தை எழுதுங்கள். பகல் 12 மணிக்கு அருவியை விட்டுப் புறப்பட வேண்டும். 2 மணிக்குள் காட்டை விட்டு வெளியேற வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், சுபஹ் தொழுத கையோடு வேன் புறப்பட வேண்டும் என்பது தானே தெரியும். அந்தத் தாளை முதல் நாளே எல்லாருக்கும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். அருவிக்கரையில் நின்று வாதாடுவது கஷ்டம்.

12 மணிக்கு நீங்கள் எழும்பும்போது, "இன்னும் கொஞ்ச நேரம் உம்மா" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். வானம் நீலமாகத்தான் இருக்கும். அப்போதும் எழும்புங்கள்.