ஆபுத்திரன் இறங்கிய தீவு

தீவகத்தார் – 14

புதிதாய் ஒருவரைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மூன்று கேள்விதான் கேட்பார்கள். எந்த வட்டாரம்? எந்தப் பள்ளிக்கூடம்? ஆற்றை கடையிலை நிண்டனீர்? மூன்றுக்கும் மறுமொழி வந்துவிட்டால் போதும், ஆளின் பூட்டன் வரை கணித்துவிடுவார்கள்.

என் பெரியப்பாவுக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். யாழ்ப்பாணத் தீவகத்துப் புங்குடுதீவில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதின்மூன்று வயதில் தெற்கே போய்க் கடையில் நின்றவர் அவர். கடையில் நிற்பது என்றால் விடிய முன்னம் எழும்பிப் பலகை கழற்றி, இரவு பலகை போட்டபின் அரிசிச் சாக்கில் படுப்பது. சம்பளத்தை முதலாளி கையில் தரமாட்டார், ஊரில் தாய்க்கு அனுப்பிவிடுவார். ஏழெட்டு வருடம் நேர்மையாய் நின்றவனுக்கு அடுத்த ஊரில் ஒரு கடை போட்டுக் கொடுப்பார், அல்லது பங்கு கொடுப்பார். அந்தப் பெடியன் முதலாளியானதும் ஊருக்கு வந்து தான் படித்த பள்ளிக்கூட வாசலில் நின்று அடுத்த பெடியனைக் கூட்டிக்கொண்டு போவான். புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் இலங்கையின் தெற்குப் பட்டினங்களில் கடை விரித்தது இப்படித்தான். வங்கியும் பிணையும் இல்லாத அந்த வணிகத்துக்கு முதல், ஒரே வாங்கில் இருந்து படித்தவன் ஏமாற்றமாட்டான் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எவ்வளவு பெறும் என்பது 1958இல் தெரிந்தது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் பெரியப்பா நின்ற கடை எரிந்தது. கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் அவர் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது கடைச் சாவிக்கொத்து ஒன்றுதான். பூட்டும் இல்லை, கதவும் இல்லை, சாவி இருந்தது. அடுத்த வருடம் அதே தெருவில் மறுபடி கடை திறந்தது. முதலாளி ஆடிப்போயிருந்தார். முதல் போட்டவர்கள் பெரியப்பாவோடு படித்த ஐந்து பேர். கடுதாசி எழுதிக் கையெழுத்து வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. 1977இலும் 1983இலும் கடைகள் மறுபடி எரிந்தன. 1983க்குப் பிறகு பெரியப்பா தெற்கே போகவில்லை. சாவிக்கொத்து மட்டும் எங்கள் வீட்டுச் சாமியறை ஆணியில் தொங்கியது.

மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய மலாயாப் பென்சன்காரர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, அவர்கள் ஊருக்குச் செய்ததை விட்டுவிட்டீரே என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் கதையை இந்த வாரத்துக்கென்றே எடுத்துவைத்திருந்தேன்.

அதற்கு முன் ஓர் ஒப்பீடு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பேராகக் கொண்ட மாணவர் சகோதரத்துவங்கள் உண்டு. தெரிந்தெடுத்துத்தான் சேர்ப்பார்கள், உறுதிமொழி வாங்குவார்கள். படித்து முடித்தபின்னும் வணிகத்திலும் பதவியிலும் ஒருவர் மற்றவருக்குக் கைகொடுப்பார்கள், கூடித் தருமம் செய்வார்கள். எங்கள் பழைய மாணவர் சங்கங்களில் தெரிவும் இல்லை, உறுதிமொழியும் இல்லை. ஒரே உவர்நீரைக் குடித்து, ஒரே பூவரசு நிழலில் அடி வாங்கியிருந்தால் அங்கத்தவர்தான். ஆனால் அங்கே சகோதரத்துவம் பல்கலைக்கழகத்தின் நிழலில் நிற்கிறது. இங்கே பள்ளிக்கூடம் சங்கத்தின் தோளில் நிற்கிறது. இது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

தீவுகளில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் மிசனரிமார், ஊர்ச் சைவப் பெரியவர்கள், பின்னர் 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம். அதை ஊர் ஊராய்க் கொண்டுபோனவர் இந்து போர்ட் இராசரத்தினம். காணி ஒருவர் கொடுத்தார், கல்லும் சுண்ணாம்பும் இன்னொருவர், கடைக்காரரும் மலாயாப் பென்சன்காரரும் காசு. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது முகாமையாளர்கள் ஒதுங்கினார்கள். சம்பளத்தை அரசு கொடுத்தது. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற, விஞ்ஞான கூடத்துக்கு மேசை வாங்க, ஊருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை பழைய மாணவர் சங்கம்.

பிறகு 1990 வந்தது. அந்த ஆகஸ்டில் இராணுவம் தீவுக்குள் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்டவர்களைத் தாய்மார் இன்னும் தேடுகிறார்கள். 1991இல் புங்குடுதீவும் வெறித்தது. சனம் வள்ளத்திலும் கால்நடையாயும் வெளியேறி யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு என்று சிதறி, முடிந்தவர்கள் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமைக்கு ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று பேர் வைத்தார். 1995இல் வந்த அவரது கவிதைத் தொகுப்பின் பேரான அதுவே எங்கள் ஊரின் மறுபேராகிவிட்டது. கடல் கடந்த புங்குடுதீவார் தங்கள் கலைவிழாவுக்கும் அந்தப் பேரை எடுத்துக்கொண்டார்கள்.

போன இடத்தில் பெடியள் முதலில் கோப்பை கழுவினார்கள். பிறகு கடை போட்டார்கள். தகப்பன் மாத்தறையில் செய்ததை மகன் ரொறன்ரோவில் செய்தான்: அரிசிச் சாக்கு, மிளகாய்த்தூள், உடன் மீன், ஊர்ப் பெடியன் காசாளர். பிறகு வீடு விற்பனை முகவர், கணக்காளர், உணவக உரிமையாளர், வைத்தியர். ஒரு மண்டபம் வாடகைக்கு எடுக்கக் கூடியதும் சங்கம் பிறந்தது. இன்று தீவகத்தின் அநேக ஊர்களுக்கும், சில ஊர்களில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும், மூன்று நான்கு நாடுகளில் சங்கம் இருக்கிறது.

காசு சேரும் விதத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல், குளிரில் மண்டபத்தில் கலைவிழாவும் இராப்போசனமும். நுழைவுச்சீட்டு, அதிர்ஷ்டலாபச் சீட்டு, சிறப்பு மலருக்கு விளம்பரம். கடைக்காரர் முழுப்பக்கம் எடுப்பார், எடுக்காவிட்டால் அடுத்த வட்டாரத்துக் கடைக்காரர் எடுத்துவிடுவார். மிச்சம் வந்த காசு பள்ளிக்கூடத்தின் பேரில் வங்கியில் நிலையான வைப்பாகப் போகும். முதலைத் தொடக்கூடாது, வட்டி மட்டும் செலவு. அந்த வட்டியில்தான் தொண்டர் ஆசிரியருக்கு மாதக் கொடுப்பனவு, புலமைப்பரிசில் வகுப்புக்குப் பயிற்சித்தாள், தூரத்துப் பிள்ளைக்குச் சைக்கிள்.

தொண்டர் ஆசிரியர் ஏன் என்று கேட்டால், நெடுந்தீவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். குறிகட்டுவானில் காலை ஏறும் ஆசிரியர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடலில் ஆடிப்போய் இறங்கவேண்டும், பிற்பகல் படகுக்குத் திரும்பவேண்டும். காற்றுக்காலத்தில் படகு ஓடாத நாளும் உண்டு. மாலையில் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. ஆகவே ஊரில் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளையைப் பிடித்து மாலை வகுப்பு எடுக்க வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் காசு கனடாவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. நான் பார்த்தவற்றில் இதைவிடப் பெறுமதியான கொடை இல்லை. நெடுந்தீவின் கடல்வழிக்கு வேறொரு நினைவும் உண்டு. 1985 மே 15இல் குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளுமாக, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பேரைச் சொன்னால் இன்றைக்கும் படகில் பேச்சு நின்றுவிடும்.

வைப்பு என்ற ஏற்பாடு 2022இல் ஒரு பெரிய அடி வாங்கியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட 70 சதவீதம் ஏறியிருந்தது. பத்து வருடமாகச் சேர்த்த வைப்பு, இலக்கம் குறையாமலே பாதியாகிப் போனது. அன்று சில சங்கங்கள் முதலைத் தொடுவதில்லை என்ற விதியை ஒதுக்கிவைத்து உலர் உணவுப் பொதி கொடுத்தன. கணக்கறிக்கையில் அது பிழையாகத் தெரியலாம். எனக்கு அது சரியாகப்பட்டது.

எல்லாக் கொடையையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் நானூறு பேர் இருக்கக்கூடிய மண்டபம் கண்டிருக்கிறேன். சலவைக்கல்லில் பேர்கள் வரிசையாக இருந்தன. மேடையில் ஆடு படுத்திருந்தது. கொடுத்தவர் கள்ள மனத்தோடு கொடுக்கவில்லை. தான் படிக்கும்போது ஒலிபெருக்கி வைக்கக்கூட மேடை இல்லையே என்ற ஏக்கத்தில் கொடுத்தார். அவர் மனதில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் இன்னும் எண்ணூறு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

தீவுக்கு முதலில் வேண்டியது எது என்று கேட்டால், சின்னப் பிள்ளையும் தண்ணீர் என்று சொல்லும். நான்கு பக்கமும் கடல், தோண்டினால் உவர். வேலணையில் சாட்டிக் கிணறுகள் போல மணல் திட்டிகளின் அடியில் தங்கும் மழைநீரே நன்னீர். நல்ல தண்ணிக் கிணறு எவர் வளவில் இருக்கிறது என்பதே ஒருகாலத்தில் ஊரின் அதிகாரம்.

அந்த அதிகாரத்தைத் தொட்டவர் மு. தளையசிங்கம். 1935இல் புங்குடுதீவில் பிறந்து, பேராதனையில் படித்து, ஆசிரியரானவர். ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ எழுதியவர். படித்தவன் கொழும்பில் பங்களா கட்டும் காலத்தில் அவர் ஊரில் சர்வோதய இயக்கம் நடத்தினார். 1971இல் கண்ணகை அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில், சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவர்களும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று அவர்களோடு சேர்ந்து போராடினார். பொலிசார் பிடித்தார்கள், அடித்தார்கள். 1973 ஏப்ரலில், 38 வயதில் மறைந்தார். ஊருக்குச் செய்த பழைய மாணவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் முதலில் அவரைத்தான் காட்டுவேன். அவர் ஒரு கட்டடமும் கட்டவில்லை. ஆர் குடிக்கலாம் என்று கேட்டார். இன்றைய சங்கங்கள் குழாய்க்கிணறும் சுத்திகரிப்பு இயந்திரமும் வாங்கிக் கொடுக்கும்போது அந்தக் கேள்வியையும் கூடவே கொண்டுவரவேண்டும். குழாய் எந்த ஒழுங்கையில் முடிகிறது என்று ஒருமுறை நடந்து பார்த்தால் தெரியும்.

அப்படி நான் காட்டும் இரண்டாமவர் தனிநாயகம் அடிகளார். 1913இல் கரம்பொனில் பிறந்தவர், தகப்பன் வழி நெடுந்தீவு. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழைத் தொடங்கினார். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைக் கூட்டினார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அறிஞர்களை நாடு நாடாய்த் தேடிப்போய் ஒரே வாங்கில் இருத்திய மனிதர். கடைக்காரர் காசில் செய்ததை அவர் அறிவில் செய்தார் என்று எனக்குப் படும்.

இப்போது நயினாதீவுக்கு வருகிறேன். மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் இதுதான் என்பது எங்கள் நம்பிக்கை. அமுதசுரபி என்றதும் எல்லோருக்கும் மணிமேகலை நினைவு வரும், நாகபூசணி அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றுதான் பேர். எனக்கு முதலில் நினைவு வருவது ஆபுத்திரன். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரம் முதலில் அவன் கையில்தான் இருந்தது. மழை பெய்து நாடு செழித்ததும் மதுரையில் வாங்கி உண்ண ஆளில்லாமல் போயிற்று. சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கினான். அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில், கையில் பாத்திரத்தோடு தனியே நின்றான். ஊட்ட ஒருவரும் இல்லாத இடத்தில் பாத்திரத்தால் என்ன பயன்? கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் இருந்து உயிரை விட்டான்.

ஆனித் திருவிழாவில் அந்த அன்னதான மண்டபத்தில் நின்றபோது இது என் நெஞ்சில் ஏறியது. ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு பந்தி பந்தியாய்ப் பரிமாறினார்கள். சோறும் குறையவில்லை, சனமும் குறையவில்லை. கொடியிறங்கியதும் படகுகள் போய்விட்டன. அடுத்த கிழமை நான் போனபோது வீதியில் மாடுகள் படுத்திருந்தன, பூட்டிய வீட்டு முற்றங்களில் வடலி முளைத்திருந்தது.

கதை அங்கே முடியவில்லை. ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறக்கிறான். அரசனாகிக் கப்பலில் மணிபல்லவத்துக்குத் திரும்பி வருகிறான். மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்பைத் தானே காண்கிறான்.

புங்குடுதீவில் எங்கள் வீட்டுக்கு நான்கு வளவு தள்ளி ஒருவர் இந்த வருடம் வந்திருக்கிறார். முப்பத்துநான்கு வருடம் லண்டனில் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடச் சங்கத்தில் பொருளாளராய் இருந்தவர். கூரை விழுந்த தன் வீட்டுக்குள் போய், தன் கொப்பிகள் இருந்த தகரப்பெட்டியைக் கறையான் புற்றுக்குள் கண்டு எடுத்தாராம். நான் போனபோது கிணற்றுக் கட்டில் இருந்தார்.

“அண்ணை, எப்ப திரும்பிறியள்?” என்று கேட்டேன்.

“முதல்ல கிணறு இறைக்கவேணும் தம்பி. ஆள் தேடுறன். ஒருத்தரும் இல்லை.”

நான் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டேன். அவர் இறங்கினார், நான் மேலே நின்று வாளி இழுத்தேன். பின்னேரம் வரை சேறுதான் வந்தது.

(தொடரும்)