கிட்டார் ஆம்ப்: டிரம்ஸோடு வாசிக்க எத்தனை வாட் வேண்டும்?

வீட்டில் வாசிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம் போட்ட ஆம்ப் அது. 20 வாட், டிரான்சிஸ்டர், 8 அங்குல ஸ்பீக்கர். அதைத் தூக்கிக்கொண்டு நண்பர்களோடு முதல் ஒத்திகைக்குப் போனேன். டிரம்மர் நாலு எண்ணி ஆரம்பித்தார். அவ்வளவுதான், என் கிட்டாரைக் காணோம். வால்யூமை முழுக்கத் திருகியும் கரகரப்புதான் கூடியது.

"20 பத்தாது, 40 வாங்கிடு" என்றார்கள். இரண்டு மடங்கு வாட் என்றால் இரண்டு மடங்கு சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நல்லவேளை, காசு கொடுப்பதற்கு முன் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வாட் வேறு, சத்தம் வேறு

வாட் என்பது ஆம்ப் ஸ்பீக்கருக்குத் தருகிற மின்திறன். நம் காது சத்தத்தை மடக்கைக் கணக்கில் (பள்ளியில் படித்த அதே லாகரிதம்தான்) உணர்கிறது. அதனால்தான் டெசிபலில் அளக்கிறார்கள். மின்திறனை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். "கொஞ்சம் ஏத்தியிருக்காங்க போல" என்று தோன்றும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு மின்திறன் பத்து மடங்காக வேண்டும். வாட்டை மட்டும் நம்பினால், என் 20 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தத்துக்கு நான் வாங்க வேண்டியது 200 வாட்!

ஸ்பீக்கரைப் பாருங்கள்

ஸ்பீக்கருக்கு உணர்திறன் என்று ஓர் எண் உண்டு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. செலஸ்டியன் கம்பெனியின் 12 அங்குல ஸ்பீக்கர்களில் கிரீன்பேக் 98, விண்டேஜ் 30 மாடல் 100. சின்ன ஆம்பில் வரும் 8 அங்குல ஸ்பீக்கருக்கு 94 என்று வைத்துக்கொள்வோம். 100-க்கும் 94-க்கும் வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு மின்திறன். 94 ஸ்பீக்கரில் 60 வாட் போடுகிற சத்தத்தை 100 ஸ்பீக்கரில் 15 வாட்டே போட்டுவிடும். ஆம்பின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பதோ வாட் மட்டும்தான்.

வால்வா, டிரான்சிஸ்டரா?

"வால்வு வாட் பெரிய வாட்" என்று கிட்டார்காரர்கள் சொல்வதுண்டு. வாட்டில் பெரியது, சின்னது கிடையாது. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். வால்வு ஆம்பில் அலையின் உச்சி மெல்ல மழுங்கும். அந்த ஓவர்டிரைவ் காதுக்கு இதமாக இருப்பதால் எல்லைக்கு மேலேயே வைத்து வாசிக்கிறோம். டிரான்சிஸ்டரில் உச்சி கத்தியால் வெட்டியதுபோல் ஆகிவிடும், காது கூசும். அதனால் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும், அதற்குக் கையிருப்பாக வாட் வேண்டும்.

பொதுவாகச் சொன்னால், டிரம்ஸோடு வாசிக்க வால்வு என்றால் 15 முதல் 30 வாட், டிரான்சிஸ்டர் என்றால் 50 முதல் 100 வாட், இரண்டிலும் 12 அங்குல ஸ்பீக்கர். மேடைகளில் பேர்போன ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் வெறும் 22 வாட். வாக்ஸ் ஏசி30 பெயரிலேயே இருக்கிறது. டிரான்சிஸ்டரில் ரோலண்ட் ஜேசி-120 இரு பக்கமும் 60, 60. கரகரப்பே இல்லாத சுத்தமான ஒலி வேண்டும், டிரம்மரும் ஓங்கி அடிப்பவர் என்றால் மேல் எண்ணின் பக்கம் போங்கள்.

பிறகு 100 வாட் எதற்கு?

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம். 55,000 பேருக்கு மேல் கூட்டம். பீட்டில்ஸ் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்களோடு மேடையேறினார்கள். ரசிகர்களின் அலறலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. கிட்டார் ஒலியைக் கூட்டத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை ஆம்பே செய்ய வேண்டியிருந்த காலம் அது. இன்று ஆம்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும், அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஆம்ப் டிரம்ஸுக்கு ஈடுகொடுத்தால் போதும்.

காதுக்கும் அதே 3

முதல் ஒத்திகை முடிந்த இரவு எனக்குக் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல், மறுநாள்தான் அடங்கியது. சின்ன அறையில் டிரம்ஸ் சர்வசாதாரணமாக 100 டெசிபலைத் தாண்டும். அமெரிக்காவின் நையாஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 94-ல் 1 மணி நேரம், 100-ல் 15 நிமிஷம். நாங்கள் வாசித்தது இரண்டு மணி நேரம்! ஆம்பை மாற்றலாம், உள்காதின் முடிச்செல்கள் போனால் போனதுதான்.

ஆகவே சத்தத்தை ஏற்றுவதற்கு முன் காசு செலவில்லாத இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலாவது, ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலிமேல் வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சாய்த்து வையுங்கள். கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகப் போகும். தரையில் இருந்தால் அது நம் முழங்காலுக்குத்தான் கேட்கும். இரண்டாவது, மிட் குமிழை ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து பேஸையும் டிரெபிளையும் ஏற்றினால் பிரமாதமாக இருக்கும். குழுவில் கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும், மேல்பகுதியை சிம்பல்களும் நிரப்பிவிடும். கிட்டாருக்கு மிச்சமிருக்கும் இடம் நடுவில்தான்.

பழைய ஆம்பை வைத்தே இரண்டையும் செய்து பார்த்தேன். மெதுவான பாட்டுகளில் கேட்டது, வேகமானவற்றில் பத்தவில்லை. கடைசியில் 12 அங்குல ஸ்பீக்கரோடு 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று வாங்கினேன். 20-லிருந்து 50 வாட்டுக்குப் போனதில் 4 டெசிபல், ஸ்பீக்கர் 94-லிருந்து 100-க்குப் போனதாகக் கொண்டால் 6 டெசிபல். கூட்டினால் 10. நான் கேட்ட அந்த இரண்டு மடங்கு! 40 வாட்டில் அதே மாதிரி சின்ன ஸ்பீக்கரோடு வாங்கியிருந்தால் 3-தான் கிடைத்திருக்கும்.

இப்போது வால்யூம் பாதிக்கு மேல் போவதில்லை. கிட்டார் பைக்குள் காதடைப்பான் ஒரு ஜோடி எப்போதும் இருக்கிறது. டிரம்மருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.